சனிக்கிழமை அடுப்பு என் முறை

நான் தப்பு என்னும் பறையை அடிக்கத் தொடங்கியது 46 வயதில். அதற்கு முந்தைய ஆறு மாதமும் எனக்கு அதன் தோலைத் தீயில் காய்ச்ச மட்டுமே தெரியும். தலை நரைத்த பிறகு இசைக்குழுவில் எப்படிச் சேர்ந்தாய் என்று கேட்பவர்களிடம், சேரவில்லை, குடிவந்தேன் என்றுதான் சொல்வேன்.

நீலகிரியில் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்து மலையேறினேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். தனியாக வந்த பெண்ணுக்கு வீடு பார்ப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சார் எங்கே வேலை பார்க்கிறார், எப்போது வருவார் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். வர மாட்டார் என்றால் வாடகை ஏறியது, அல்லது வீடு அதற்குள் வேறொருவருக்குப் பேசி முடிந்திருந்தது. நான்காம் நாள், தொழிற்சாலையில் கொழுந்து எடை போடும் தம்பி, "அக்கா, மேல் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ஆனால் சமைக்கத் தெரிய வேண்டும்" என்றான்.

மேல் வீடு என்பது தகரக் கூரை போட்ட பழைய பங்களா. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குத்தகைக்கு எடுத்து, அறைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார். அறைக்குத் தனி வாடகை. அரிசி, பருப்பு, பால், விறகு எல்லாம் பொதுப் பணத்தில். சமையலறைக் கதவின் உட்புறத்தில் கறுப்புச் சாயம் அடித்து, எந்தக் கிழமை யார் சமையல், யார் பாத்திரம் என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். கடைசி வரியில் "சனி மாலை: பாட்டு" என்று இருந்தது. அதற்கு நேரே மட்டும் யார் பெயரும் இல்லை.

என்னோடு சேர்த்து ஏழு பேர். டீச்சரம்மா பாடுவார். பேக்கரியில் வேலை பார்க்கும் படுகர் தம்பி கித்தார். இரவு வேலை முடித்து வரும்போது உடைந்த வர்க்கி பிஸ்கட்டுகளை ஒரு பை நிறையக் கொண்டு வருவான், அவன் மீது யாருக்கும் கோபம் வராமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். செவிலியர் இருவர். ஒருவர் ஊர்த் தேவாலயத்தில் ஆர்மோனியம் பழகியவர். மற்றவர் எதையும் வாசிக்க மாட்டார், ஆனால் யார் எங்கே பிசகினார்கள் என்று சரியாகச் சொல்வார். மவுத் ஆர்கன் வாசிக்கும் பழைய லாரி ஓட்டுநர் ஒருவர். பிறகு மாமா. அவர் யாருக்கு மாமா என்று கேட்காதீர்கள், வீட்டில் எல்லாருக்கும் மாமாதான். தப்பு அவருடையது.

குழுவுக்குப் பெயர் கிடையாது. கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் அழைப்பவர்கள் மேல் வீட்டுக்காரர்கள் என்பார்கள்.

எனக்கு வந்தது சனிக்கிழமைச் சமையல். பாட்டு நாளில் அடுப்படியில் நிற்க யாருக்கும் மனமில்லை என்பதால் புதிதாக வந்தவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பின்னால்தான் புரிந்தது. முதல் சனிக்கிழமை, விறகடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது மாமா வந்து தப்பை என் கையில் கொடுத்தார். "கொஞ்சம் காய்ச்சி வை அம்மா. கருக்கிவிடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தோல் கருவியைச் சமவெளியில் பார்த்தவர்களுக்கு இந்த மலையின் தொல்லை தெரியாது. கீழே வைக்கோலைக் கொளுத்தி ஒரு முறை சூடு காட்டினால் நெடுநேரம் தாங்கும். இங்கே காற்றே ஈரம். தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும், தட்டினால் நனைந்த சாக்கை அடிப்பது போலத் தொப்பென்று கேட்கும். அதுவும் கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் இங்கே பெரிய மழை. கல்யாணமும் கிறிஸ்துமஸும் பொங்கலும் அதை ஒட்டியே வந்து தொலைக்கின்றன.

காய்ச்சுவதில் ஒரு வரிசை இருக்கிறது. சுவாலையில் காட்டக் கூடாது, தணலில் காட்ட வேண்டும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை எண்ணெய் பிடித்தது, சட்டென்று சீறி எரியும், அதனால் ஆகாது. சீகை மர (வாட்டில்) விறகின் தணல் நல்லது. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய குச்சிகளின் தணல் இன்னும் நல்லது, நின்று எரிந்து சீராகச் சுடும். தப்பை ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம், மறுபடி பின்பக்கம். நடுநடுவே சுண்டு விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். தொப் என்பது தம் ஆகும், தம் என்பது டங் ஆகும். டங் கேட்ட பிறகும் தீயருகே வைத்திருந்தால் கெட்டுவிடும். சட்டம் வேப்பமரம், மூன்று துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்தது. தோலை ஒட்டியிருப்பது புளியங்கொட்டைப் பசை. சூடு மீறினால் ஒட்டு விட்டுவிடும்.

இதில் ஒன்றையும் மாமா வாயால் சொல்லவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு தட்டு தட்டிவிட்டு, "இன்னும்" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் வாசிக்கத் தொடங்குவார். கால் மணிக்கு ஒரு முறை தப்பு அடுப்புக்குத் திரும்பி வரும். ஒரு மாலையில் ஏழெட்டு முறை. ரசம் தாளிக்கும்போது வந்தால் இடக்கையில் கரண்டி, வலக்கையில் தப்பு. இப்படியே ஆறு மாதம். கைக்கு முன்னால் என் காது பழகிவிட்டது. கூடத்தில் அவர்கள் வாசிக்கும்போதே தோல் இறங்குவது எனக்குத் தெரிந்துவிடும். அவர் எழுந்து வருவதற்குள் தணலைக் கிளறி வைத்திருப்பேன்.

மாமாவின் கதையைச் சொல்லாமல் தப்பின் கதையைச் சொல்ல முடியாது. அவர் பிறந்தது இலங்கை மலையகத் தோட்டத்தில். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகவும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதாகவும் எழுதினார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல்தான் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இதைக் கணக்காகப் பார்த்தால் நேராகத்தான் இருக்கிறது. நானும் கணக்கு எழுதுகிறவள்தான். ஆனால் 11 வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, பிறகு லாரியில் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்த ஒருவர் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கும்போது அந்த எண்களை வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கிறது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்களே இங்கே தொடங்கப்பட்டன.

அவருடைய அப்பா அங்கே பிரட்டுத் தப்பு அடித்தவர். விடியும் முன்பே லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கேட்கும்படி அடித்தால், ஆட்கள் எழுந்து பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கும் அதே தப்பு, காமன் கூத்துக்கும் அதே தப்பு, சாவுக்கும் அதேதான். "எங்களுக்கு அது கடிகாரம் அம்மா" என்று ஒருநாள் சொன்னார்.

எங்கள் ஊரில் அது கடிகாரம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் யார் போய்விட்டார்கள் என்று கேட்போம். அதை யார் அடிப்பார்கள், எந்தத் தெருவில் நின்று அடிப்பார்கள், எந்தத் தெருவுக்குள் வரக் கூடாது என்பதெல்லாம் கேள்வியே இல்லாமல் எங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் வாசிக்கத் தொடங்கிய செய்தி எப்படியோ எட்டியதும் அம்மா தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா உனக்கு?" அதற்குப் பிறகு மூன்று மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள், அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வாசிக்கத் தொடங்கியது தற்செயல். மாமாவுக்குத் தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை. மூன்று மாதம் ஓய்வு என்று மருத்துவர் சொன்னார். பொங்கலுக்குக் காலனியில் வாசிக்க ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கியாகிவிட்டது (அந்தப் பணத்தில்தான் மார்கழி மாத விறகு வாங்கியிருந்தோம்). வெளியிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்றார் லாரிக்காரர். மாமா என்னைக் காட்டி, "இவளுக்குச் சத்தம் தெரியும். அடியைத் தானே கற்க வேண்டும்?" என்றார்.

தானே என்று அவர் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வலக்கையில் குட்டையான தடித்த குச்சி, இடக்கையில் நீண்ட மெல்லிய மூங்கில் குச்சி. இடக்கை தப்பையும் தாங்க வேண்டும், அதே கையால் அடிக்கவும் வேண்டும். முதல் வாரம் மணிக்கட்டு வீங்கி, அலுவலகத்தில் பேரேட்டைத் தூக்க முடியவில்லை. வீட்டில் எல்லார் காதையும் கெடுக்க வேண்டாம் என்று அரிசி மூட்டை மீது அடித்துப் பழகினேன். படுகர் தம்பியின் பாட்டு ஒன்று ஏழு எண்ணிக்கையில் வரும். எத்தனை முறை எண்ணினாலும் ஆறிலோ எட்டிலோ போய் விழுந்தேன். ஒரு சனிக்கிழமை அம்மி அருகில் உட்கார்ந்திருந்த மாமா, "மிளகாய், உப்பு, புளி" என்றார். மி-ள-காய், உப்-பு, பு-ளி. மூன்று, இரண்டு, இரண்டு. அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டது. சிறுவயதில் மிருதங்கம் கற்று விட்டுவிட்ட டீச்சரம்மா அதைத் தகிட தகதிமி, மிச்ர நடை என்றார். இருக்கட்டும். நான் இன்றும் மிளகாயில்தான் தொடங்குகிறேன்.

பொங்கல் ஒருவாறு ஒப்பேறியது. அடுத்து வந்த கல்யாணம்தான் மானத்தை வாங்கியது. மண்டபத்தில் தீ மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெளியே பத்தடி தூரம் தெரியாத மூடுபனி. சமையல்காரரிடம் கெஞ்சி, பாயசத்துக்குப் பால் காயும் கேஸ் அடுப்பில் காட்ட இடம் வாங்கினேன். தணலுக்குப் பழகிய கைக்கு நீலச் சுவாலையின் வேகம் தெரியவில்லை. டங் வந்தது, இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டேன். பட்டென்று ஒரு சத்தம். கால் பங்கு தோல் சட்டத்தைவிட்டுக் கழன்று அப்பளம் போலச் சுருண்டுகொண்டது. மாமாவின் அப்பா காலத்துச் சட்டம் அது. அன்று மாலை முழுக்க எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து வைத்து அடித்தேன். சிறுவர்கள் ரசித்தார்கள். பெண் வீட்டார் பேசிய தொகையில் பாதி கொடுத்தார்கள், அதுவே அதிகம்.

வீடு திரும்பும்போது நடைபாதையில் காட்டெருமை ஒன்று நின்றது. அது நகரும் வரை முக்கால் மணி நேரம், ஏழு பேரும் ஒட்டிக்கொண்டு, கிழிந்த தப்புடன் இருட்டில் நின்றோம். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் பாத்திர முறை அவருடையது. "வலது தோள் வலிக்கிறது, நீ கழுவிவிடு" என்றார். பதினைந்து நாள் கழுவினேன். கணக்கு தீர்ந்தது என்று அவரே ஒருநாள் சொல்லிவிட்டுத் தோல் வாங்கப் பணம் கேட்டார்.

இப்போது செயற்கைத் தோல் போட்ட பறைகள் கிடைக்கின்றன. காய்ச்ச வேண்டாம், மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. நான் ஒன்று வாங்கியிருக்கிறேன், மண்டபங்களுக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். தூய்மைவாதிகள் திட்டலாம், அவர்கள் கார்த்திகை மாதம் இங்கே வந்து வாசித்துவிட்டுத் திட்டட்டும். மாமா அதைத் தொடுவதில்லை. பிளாஸ்டிக் குடம் என்கிறார். சத்தத்தில் அவர் சொல்வது சரிதான்.

சேர்ந்து வாழ்வதைப் பற்றியும் பொய் சொல்லக் கூடாது. பட்டியலில் பெயர் இருந்தால் வாத்தியம் கற்க வயது தடையில்லை, உண்மை. யாரும் என்னைச் சோதித்துப் பார்த்துச் சேர்க்கவில்லை. ஆனால் சமையலறைச் சண்டை அப்படியே பாட்டுக்குள் வந்துவிடும். சென்ற மாதம் பால் கணக்கில் 340 ரூபாய் இடித்தது. கணக்கு எழுதியது நான், தவறு என்னுடையதில்லை என்று இன்றும் சொல்வேன். ஆர்மோனியக்காரர் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் அடிக்க அடிக்க வேண்டுமென்றே இழுத்து வாசித்தார். அடுத்த வாரம் மருத்துவமனைக் குடியிருப்பில் இடம் கிடைத்தது என்று பெட்டியோடு போய்விட்டார், ஆர்மோனியமும் போய்விட்டது. பிடித்து நிறுத்தச் சுருதி இல்லாமல் டீச்சரம்மா பாடப் பாட இறங்கிக்கொண்டே போகிறார், கித்தார் தம்பி பின்னாலேயே திருகிக்கொண்டு ஓடுகிறான்.

கதவுப் பட்டியலில் அவர் பெயரை இன்னும் யாரும் அழிக்கவில்லை. அவருடைய செவ்வாய்க்கிழமையில் மூன்று வாரமாக ஆளுக்கொரு வர்க்கியும் தேநீரும்தான் இரவு உணவு.