கல்லடிப் பாலத்தடியில் இன்னும் பாட்டுக் கேட்கிறதா?

புளியந்தீவுப் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 1985இல், பன்னிரண்டு வயதில், மட்டக்களப்பை விட்டுக் குடும்பத்தோடு வெளிநாடு போனவன். பெத்தப்பாவின் (தாத்தாவின்) வீடு புளியந்தீவில் வாடிவீட்டு வீதியை அண்டிய ஒழுங்கையொன்றில் இருந்தது. பின்னேரமானால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டை மதிலோரமாக வாவிக்கரைக்குக் கூட்டிப்போவார். நாங்கள் கச்சான் கொறித்தபடி, வீச்சு வலை எறிபவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். விடுமுறைக்கு வந்த கொழும்புக்காரர்கள் வாடிவீட்டு விறாந்தையில் சாய்வுநாற்காலி போட்டு அதே வாவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போதெல்லாம் எங்கள் ஊரே ஒரு பெரிய விடுமுறை வீடு என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

சூறாவளி அடித்து இரண்டு வருடங்கள் கழிந்திருக்கும். கரையில் தலை முறிந்த தென்னைகள் இன்னும் நின்றன. ஒரு பூரணை இரவில் பெத்தப்பா தோணியொன்றை வாடகைக்குப் பேசி, வாவி மீன்கள் பாடுவதாக ஊரார் சொல்லும் கல்லடிப் பாலத்தின் கீழே என்னைக் கொண்டுபோனார். துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி அதன் பிடியை என் காதில் வைத்து, “சத்தம் போடாத மனே” என்றார். தம்பூராவின் ஒரே நரம்பை யாரோ தொலைவிலிருந்து மீட்டுவது போன்ற ஓசையை அன்று நான் கேட்டேன். இது நானாகக் கட்டிய கதை என்று என் மனைவி இருபது வருடங்களாகச் சொல்லி வருகிறார்.

வருகிற ஓகஸ்ட் மாதம் மகளோடு ஊருக்கு வருகிறேன். அந்த ஓசையை இன்றும் கேட்க முடியுமா? முன்பு ஞாயிறுகளில் பொதிச்சோறு கட்டிக்கொண்டு ரயிலேறிக் கல்குடாவில் இறங்கிப் பாசிக்குடாவுக்கு நடந்துபோவோமே, அந்தக் கரை எப்படி இருக்கிறது? ஊரில் இருப்பவர்கள் உள்ளபடி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

கல்லடி ரீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் மனைவியிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848இல் இங்கே வந்து, இரவில் தோணியில் போய் இந்த ஓசையைக் கேட்டு எழுதியிருக்கிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதத்துக்கு அவர் அதை ஒப்பிட்டார். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் விபுலாநந்த அடிகளும் வாவியில் எழும் இந்த இசையை நீரரமகளிரின் (நீரில் வாழும் தேவமகளிரின்) பாட்டாக எழுதினார். மீன் பாடுகிறதா, ஊரி என்னும் நத்தை பாடுகிறதா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. மீனவர்கள் அந்தக் காலத்திலேயே ஊரியின் பக்கம்தான் நின்றார்கள்.

ஓசை இன்றும் உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்கான அமைதிதான் இல்லை. நீங்கள் போன பாலம் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம். ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரால் அதை லேடி மனிங் பாலம் என்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்கள் மட்டுமே அதில் போகலாம். எதிர்ப்பக்கத்துக்காரர் காத்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பின் அதில் என்ன பெரிய போக்குவரத்து இருந்திருக்கும்? 2013 மார்ச்சில் ஜப்பானின் உதவியோடு அதன் பக்கத்திலேயே அகலமான புதுப்பாலம் திறக்கப்பட்டது. இப்போது விடியும்வரை பேருந்தும் லொறியும் முச்சக்கர வண்டியும் ஓடுகின்றன. விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழுந்து கிடப்பதால் பூரணை நிலவைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்காக நான் புதுப்பாலத்தைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். நீங்கள் போன பின் வந்த யுத்த வருடங்களில் இந்தப் பாலத்தடி மிகவும் அமைதியாகவே இருந்தது. காவலரண் இருந்தது, பொழுதுபட்டால் தோணி இறக்க முடியாது, வாவியை எட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை. மீன்கள் அப்போதும் பாடியிருக்கும். பாடினவா என்று கேட்க ஒருவருக்கும் வாய்க்கவில்லை. இப்போது நாங்கள் விரும்பிய நேரத்தில் கரைக்குப் போகிறோம், ஆனால் கேட்கிற சத்தமெல்லாம் எங்களுடையதாக இருக்கிறது. இரண்டில் எது வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், கொஞ்சமும் யோசியாமல் இந்த இரைச்சலைத்தான் கேட்டு வாங்குவேன்.

கடற்கரைப் பக்கம் போனால் நீங்கள் திகைத்துப்போகக்கூடும். 2004 ஆழிப்பேரலை நாவலடியையும் எங்கள் கல்லடித் திருச்செந்தூரையும் எப்படிச் சுருட்டியது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. திருச்செந்தூர் முருகன் கோயிலில் அன்று சாய்ந்த கோபுரம் உங்கள் மகளுக்கு அதைச் சொல்லும்.

படுவான்கரையான் எழுதியது:

அண்ணன், உங்கள் நினைவு அழகானது. ஆனாலும் அது வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையின் நினைவு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்களுக்கு அது விடுமுறைக் காட்சியாக ஒருநாளும் இருந்ததில்லை. அதுதான் எங்கள் வீதி. கொக்கட்டிச்சோலைத் தேரைப் பார்க்க ஊர்ச்சனம் அள்ளுப்பட்டு வருகிற நாட்களில் மண்முனைத்துறையில் பாதைக்காக மணிக்கணக்காகக் காத்து நிற்பார்கள். (உங்கள் மகளுக்குப் புரியாது, நாங்கள் பாதை என்று சொல்வது, ஆளையும் வண்டியையும் சேர்த்து ஏற்றிக் கரைசேர்க்கும் மிதவையை.) என் தம்பி பிறந்த இரவில் பாதைக்காரர் அக்கரையில் நின்றதால், அம்மாவைத் தோணியில் படுக்கவைத்து அப்பா தாமே சவள் தாங்கிக்கொண்டு போனார். அன்று நிலவு இருந்ததா, மீன் பாடியதா என்று எங்கள் வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தபோது பாதை போய்விட்டதே என்று கவலைப்பட்ட ஒருவரையும் எங்கள் ஊரில் நான் காணவில்லை. பாதையில் போய்ப் பார்க்க உங்களுக்கு ஆசை இருந்தால் குருமண்வெளித் துறைக்கு வந்து மண்டூருக்குக் கடந்து போங்கள். ஆவணித் திருவிழா நாளாக இருந்தால் நெரிசலையும் சேர்த்தே அனுபவிக்கலாம்.

என் கவலை வேறு. கரையோரக் கண்டல் காடுகள் யுத்த காலத்தில் பாதுகாப்பென்று வெட்டப்பட்டன. மிஞ்சியதில் ஒரு பகுதியைப் பின்னர் இறால் பண்ணைகளும் மண் நிரப்பிய வளவுகளும் எடுத்துக்கொண்டன. கிண்ணை போன்ற கண்டல் மரங்களின் வேருக்குள்தானே குஞ்சு மீனும் இறாலும் வளரும்? நகரத்துக் கழிவு வாய்க்கால் எங்கே போய் விழுகிறது என்பதையும் வாவிக்கரையில் நடக்கும்போது ஒருமுறை பாருங்கள். பாட்டைத் தேடி வருகிறவர்கள் பாடுகிறதன் சீவியத்தையும் விசாரிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வாழைச்சேனைச் சமையற்காரன் எழுதியது:

பாசிக்குடாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கண்ட பழைய விடுதிகள் யுத்தத்தில் உடைந்து, பற்றை பிடித்து, பல வருடங்கள் சுவராக நின்றன. 2009க்குப் பிறகுதான் வரிசையாகப் புது விடுதிகள் எழும்பின. அவற்றில் ஒன்றில்தான் நான் பத்து வருடமாக நண்டுக்கறி வைக்கிறேன். கடல் மாறவில்லை. வெளியே இருக்கும் முருகைக்கல் தடுப்பதால் அலையில்லை. இன்றைக்கும் நூற்றுக்கணக்கான மீற்றர் தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போகலாம். மாறியது கரை. அந்த நாளில் எந்த மரநிழலிலும் பாய் விரித்துச் சோறு சாப்பிடுவீர்கள். இப்போது கரையின் நீளத்துக்கு விடுதிகளின் முற்றங்கள்தான் இருக்கின்றன. பொதுமக்களுக்கென்று விட்ட பகுதியில் போயா (பூரணை விடுமுறை) நாட்களில் கால்வைக்க இடமிருக்காது. எங்கள் சொந்தக்காரர் வந்தால் நானும் அவர்களை அங்கேதான் கூட்டிப்போக வேண்டும். ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினேன் என்பதையும் மறைக்கமாட்டேன். கிழமை நாளில் காலை ஏழு மணிக்கு முன்னே வாருங்கள். கடல் உங்களுக்கு மட்டும் இருக்கும்.

புளியந்தீவுப் பேரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. படுவான்கரைத் தம்பி எழுதியதை வாசித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அன்றிரவு எங்களைக் கொண்டுபோன தோணிக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஓசையைக் கேட்பதற்காகத்தான் அவர் பேசாமல் இருந்தார் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். பகல் முழுக்க வலை இழுத்துக் களைத்த மனிதராகவும் அவர் இருந்திருக்கலாம். ரீச்சர், ஓகஸ்ட் பூரணையில் தோணி கிடைக்குமா? எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

கல்லடி ரீச்சர் எழுதியது:

ஓகஸ்ட் நல்ல மாதம் தம்பி. ஏப்ரல் தொடக்கம் செப்ரெம்பர் வரைதான் ஓசை கேட்கும் காலம். மாரி வெள்ளம் பாலமீன்மடு முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு ஓடும் மாதங்களில் வந்தால் தண்ணீரின் இரைச்சல்தான் மிஞ்சும். பின்னேரத்திலேயே கரைக்குப் போய்த் தோணிக்காரர் ஒருவரோடு நேரில் பேசிக்கொள்ளுங்கள். அவர் விடிய வலைக்குப் போகிறவராக இருந்தால் அவருடைய நித்திரைக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். இயந்திரப் படகு கூடாது. துடுப்புத் தோணியாக இருக்க வேண்டும். நடுச்சாமம் கழிந்து, பாலத்துக்கு நேர் கீழே நிற்காமல் வாகனச் சத்தம் குறையும் தூரத்துக்குத் தள்ளிப் போங்கள். கைத்தொலைபேசியில் பதிவுசெய்ய முயல வேண்டாம். அதில் பாலத்து லொறிதான் பதியும். உங்கள் பெத்தப்பா செய்தது போலவே துடுப்பை இறக்கிப் பிடியை மகளின் காதில் வையுங்கள். முதல் கால் மணித்தியாலம் ஒன்றும் கேட்காது. பிள்ளை சலித்துக்கொண்டாலும் தோணியைத் திருப்ப வேண்டாம்.