சீன வயலை மாற்றியது வெளிநாட்டு இயந்திரமா, வயலை விட்டுப் போன கைகளா?

ஏர்முனை:
சீன வேளாண்மை இயந்திரத்துக்கு மாறியதில் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. 1978-ல் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் நட்புப் பண்ணை, தன் வேலைப் பிரிவு ஒன்றுக்காக உழவு முதல் அறுவடை வரை தேவையான, ஜான் டீர் நிறுவனத்தின் இயந்திரங்களை ஒரே தொகுதியாக அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பயிர் செய்வதைச் சீனர்கள் தங்கள் மண்ணிலேயே பார்த்தார்கள். 1980-களில் அந்த நிறுவனத்தின் உரிமத்தோடு ஜியாமுசி நகரத் தொழிற்சாலை அறுவடை இயந்திரம் செய்தது. 1997-ல் இருவரும் சேர்ந்து கூட்டு நிறுவனமே தொடங்கினார்கள். தொழில் கற்றுக்கொடுப்பது என்பது இதுதானே?

பொன்னிக்கரை:
ஏர்முனை ஐயா, அதே 1978-ன் கடைசியில்தான் அன்ஹுய் மாகாணத்து ஷியாவோகாங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூடி, கூட்டு நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள இரகசியமாகக் கைநாட்டு வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் நிலம் துண்டுதுண்டானது. குடும்பத்துக்குச் சில மு. ஒரு மு என்பது நம் கணக்கில் ஏறத்தாழ பதினாறரை சென்ட். பெரிய டிராக்டரைத் திருப்பவே இடமில்லாத அந்தத் துண்டுகளை உழுதது உள்நாட்டுப் பவர் டில்லர். நட்புப் பண்ணையோ பரந்த அரசுப் பண்ணை, 1954-ல் சோவியத் உதவியோடு தொடங்கியது. அதை வைத்துச் சுமார் 20 கோடி விவசாயக் குடும்பங்களின் கதையை எழுதாதீர்கள்.

பட்டறை முத்து:
நான் இயந்திரம் பழுதுபார்ப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சேற்று வயலில் சக்கர இயந்திரம் புதையும். 1998-ல் சுஜோ நகரில் நிறுவனம் தொடங்கிய ஜப்பானின் குபோட்டா, ரப்பர் பட்டையில் ஊர்ந்து போகும் சிறிய அறுவடை இயந்திரங்களைச் சீன நெல் வயல்களில் இறக்கியது. ஜப்பானில் பரவலாகப் புழங்கும் வகையில் கதிர் மட்டும் உள்ளே போய் அடிபடும், வைக்கோல் முறியாமல் வெளியே விழும். அருமையான வேலைப்பாடு, ஆனால் விலை அதிகம். சீனாவில் எடுபட்டது தாளும் கதிரும் சேர்ந்தே உள்ளே போகும் எளிய வகை.

யார் வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் நாலைந்து மு நிலம் வைத்திருந்தவர்கள்தான். உறவினரிடமும் வங்கியிலும் கடன் வாங்கி ஓர் இயந்திரம் எடுத்து, லாரியில் ஏற்றி, கதிர் முற்றும் வரிசையிலேயே மாகாணம் மாகாணமாகப் போய்க் கூலிக்கு அறுத்தார்கள். கோதுமைக்கும் இப்படித்தான்: மே மாதம் தெற்கே தொடங்கி, ஹெனான் வழியாக, ஜூனில் ஷான்டோங், ஹெபெய் வரை. இரவில் இயந்திரத்தின் அடியிலேயே படுக்கை. பொன்னிக்கரை அக்கா சொன்ன துண்டு நிலச் சிக்கலை அவிழ்த்தவர்கள் இவர்கள். காவிரிப் படுகையில் பெல்ட் மிஷின் வரும் நாளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பொன்னிக்கரை:
முத்து தம்பி, நீங்கள் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்த்திருக்கிறீர்கள். மெனக்கெட்டவர்கள் கடன்பட்ட அந்த ஓட்டுநர்கள். அவர்களுக்கு வழி திறந்தது அரசு: 2004-ல் வேளாண் இயந்திரமயச் சட்டம், இயந்திரம் வாங்க மானியம், அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரிக்குச் சுங்கக் கட்டண விலக்கு. அதற்கும் முன்னால் கிராமத்து இளைஞர்கள் குவாங்டோங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள், கூலி ஏறியது. வீட்டில் கை இருந்தவரை அரிவாள்தான் மலிவு. குபோட்டா செய்தது நல்ல வியாபாரம். அதை உதவி என்று எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏர்முனை:
வியாபாரமாக வந்தால் உதவி ஆகாதா, அம்மா? 1958-ல் லுவோயாங்கில் வெளிவந்த முதல் 'கிழக்குச் சிவப்பு' டிராக்டரே சோவியத் டி.டி.-54-ஐப் பார்த்துச் செய்ததுதான். குபோட்டா கடைவிரித்த அதே ஜியாங்சு மாகாணத்தின் வோதெ நிறுவனம், விலை குறைந்த பட்டை இயந்திரங்களோடு பின்னாளில் குபோட்டாவையே முந்திவிட்டது. அந்த லுவோயாங் டிராக்டர் நிறுவனம் 2011-ல் பிரான்சில் ஒரு கியர்பாக்ஸ் ஆலையையே விலைக்கு வாங்கியது. மாணவன் ஆசிரியரின் பட்டறையை வாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறான். பாடம் நடக்கவே இல்லை என்கிறீர்களா?

வெண்பஞ்சு:
நெல்லையே பேசுகிறீர்கள், சீனாவின் வடமேற்கில் உள்ள சிஞ்சியாங்கின் பருத்தியைப் பாருங்கள். அங்கே வயலே இயந்திரத்துக்காக வளைந்தது. அமெரிக்கப் பருத்தி எடுக்கும் இயந்திரத்தின் தலைகள் வரிசைக்கு வரிசை 76 செ.மீ. இடைவெளிக்குச் செய்தவை. சிஞ்சியாங்கில் நெருக்கி நட்டால்தான் விளைச்சல். அதனால் இரண்டு வரிசைகளை 10 செ.மீ. இடைவெளியில் இணைத்து, அடுத்த இணைக்கு 66 செ.மீ. விட்டார்கள். கூட்டினால் 76! இயந்திரத்தின் அளவும் கெடவில்லை, செடியின் எண்ணிக்கையும் குறையவில்லை. இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. இந்த அறிவு சீன வேளாண்மையாளர்களுடையது. எந்த நிறுவனமும் பெட்டியில் வைத்து அனுப்பவில்லை. எடுப்பதற்கு முன் இலையுதிர்ப்பு மருந்து தெளிக்கும் டிரோன்களும் சீனத் தயாரிப்புகள். ஆறு வரிசை எடுத்து உருளையாகச் சுற்றித் தரும் ஜான் டீர் இயந்திரத்துக்கு இணையானவற்றை இப்போது உள்நாட்டிலும் செய்கிறார்கள்.

பட்டறை முத்து:
66-உம் 10-உம்! இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் தவித்தேன். அயல்நாட்டு இயந்திரம் வந்து இறங்குவதோடு வேலை பாதிதான் முடிகிறது. மீதிப் பாதியை வயலில் நிற்பவன் முடிக்க வேண்டும்.

பொன்னிக்கரை:
வெண்பஞ்சு சொன்னதில் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஹெனான், கான்சு, சிச்சுவான் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் ரயிலேறி சிஞ்சியாங்குக்குப் பஞ்செடுக்கப் போய்வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். இரண்டு மாதக் கூலியில்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடனும். இன்று சிஞ்சியாங் பருத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் இயந்திரம் எடுக்கிறது. நவீனமயம் என்று எழுதும்போது அந்த ரயில் பெட்டிகளையும் கணக்கில் சேருங்கள்.

ஏர்முனை:
அம்மா, அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தாயார் பருத்தி எடுத்தவர். காய்ந்த ஓட்டின் முனை குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும், இரவில் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் ஊட்டுவார். அந்த வேலை தொடர்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

பொன்னிக்கரை:
என் அம்மாவும் எடுத்தவர்தான், ஐயா. வேலை போனதற்காக நான் வருந்தவில்லை. அந்த இரண்டு மாதக் கூலி யார் கைக்குப் போயிற்று என்றுதான் கேட்கிறேன்.