7ஆம் தரத்தில் மட்டம் கலந்த கணித வகுப்பு: வழி சொல்லுங்கள்

வணக்கம் சேர்மாரே, டீச்சர்மாரே. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் 7ஆம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். 5ஆம் தரப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் டவுன் பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் மொக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

போன தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளைக்கு 88, பக்கத்து மேசைப் பிள்ளைக்கு 9. அந்த 9 எடுத்தவள், அம்மா பறித்த கொழுந்தில் எத்தனை கிலோ கழித்தார்கள், அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தால் சம்பளம் எவ்வளவு குறையும் என்று வாயாலேயே சொல்கிறாள். கரும்பலகையில் 1/2 எழுதினால் தலையைக் குனிந்துகொள்கிறாள். பிறகுதான் கவனித்தேன், வசனக் கணக்கை வாசிக்கவே எழுத்துக் கூட்டுகிறாள். கொழுந்து கூடும் மாதங்களில் தம்பியைப் பார்க்க வீட்டில் நின்றுவிடுவாள். விட்ட பாடம் விட்டதுதான்.

பின்நேர வகுப்பு வைத்தால் தோட்டத்தின் மேல் டிவிஷன் (மேற்பிரிவு) பிள்ளைகள் மழையில் இருட்டோடு நடக்க வேண்டும். ஆகவே 40 நிமிடப் பாடத்துக்குள்ளேயே செய்தாக வேண்டும். இப்படி வகுப்பு எடுத்தவர்கள் குழு எப்படிப் பிரித்தீர்கள்? முன்னுக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு அந்த நேரம் என்ன வேலை கொடுத்தீர்கள்? 3, 4ஆம் தரப் பழைய தமிழ்ப் புத்தகங்கள் வீட்டில் கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.