கை நுழையாத இடுக்கு எஞ்சினில் ஸ்பார்க் ப்ளக் மாற்றுவது: கொழும்பில் வாகனம் வைத்திருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தையிலிருந்து:

ஹொண்டா பிட் ஜீபீ1 ஹைபிரிட்டில் சிலிண்டர் நாலு, ப்ளக் எட்டு. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ப்ளக், ஒவ்வொன்றுக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் தனிக் கொயில். பொனட்டைத் திறந்ததும் முன்வரிசை நாலும் கைக்கெட்டும். பின்வரிசை நாலும் முன்கண்ணாடிக்குக் கீழே, கண்ணாடிக்கும் பொனட்டுக்கும் இடையே மூடியிருக்கும் கவுல் தட்டுக்கு அடியில் இருக்கின்றன. சில கராஜ்களில் முன் நாலை மட்டும் மாற்றிவிட்டு எட்டுக்கும் பில் போடுவதற்கு இதுதான் காரணம். கழட்டிய பழைய ப்ளக் எட்டையும் கையில் தரச் சொல்லுங்கள். வேலை கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் நல்லது.

பின்வரிசைக்குப் போகக் குறுக்கு வழி இல்லை. வைப்பர் கை இரண்டையும் கழட்டி, பிளாஸ்டிக் கவுலைத் தூக்கி, வைப்பர் மோட்டரையும் இணைப்புக் கம்பிகளையும் எடுத்து, அதற்குக் கீழுள்ள இரும்புத் தட்டையும் எடுத்தால்தான் கை நேராக இறங்கும். இவற்றைக் கழட்டாமல், கையை வளைத்து விட்டு ப்ளக்கைத் திருகப் பார்ப்பவர்கள்தான் கொயிலின் கிளிப்பை உடைக்கிறார்கள், ப்ளக்கின் பீங்கானை வெடிக்க வைக்கிறார்கள்.

வைப்பரைக் கழட்டுமுன் அது கண்ணாடியில் எங்கே படுத்திருக்கிறது என்று மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். கடலோரம் நிறுத்தும் வாகனங்களில் வைப்பர் தண்டு உப்புக்காற்றில் கறள் பிடித்து இறுகியிருக்கும். நட்டைக் கழட்டியும் கை வராவிட்டால் ஸ்குரூ டிரைவர் கொடுத்து நெம்ப வேண்டாம், கண்ணாடி போய்விடும். துருநீக்கும் எண்ணெய் அடித்துச் சற்று ஊறவிட்டு, சிறிய புல்லரால் இழுங்கள். கவுலின் பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து தொட்டதும் உடையும். புதிய கிளிப் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

வெள்ளவத்தை அண்ணா சொன்ன கவுல் வேலை டொயோட்டா பிரியஸ் 30க்கும் உண்டு. ஹைபிரிட் எதுவானாலும் வாகனத்தை முழுதாக நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ட் பட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ரெடி நிலையில் விட்டால் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். உயர் மின்னழுத்தம் பாயும் செம்மஞ்சள் வயர்களைத் தொடவே வேண்டாம்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ப்ளக் பூட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு கழட்டினால் ஹெட்டின் திருகுப் புரி ப்ளக்கோடு உரிந்து வரலாம். ஆபீஸ் விட்டு வந்த கையோடு தொடங்காமல் காலையில் செய்யுங்கள்.

கொயிலை நேராகப் பிடித்து இழுத்தால் ரப்பர் பூட் கிழிந்து பாதி குழிக்குள்ளேயே தங்கிவிடும். 10 மில்லிமீற்றர் போல்ட்டைக் கழட்டிய பிறகு, முதலில் கொயிலை இடமும் வலமும் சிறிது திருகிப் பிடிப்பைத் தளர்த்துங்கள். பிறகு மேலே தூக்குங்கள். எந்தக் கொயில் எந்த சிலிண்டரில் இருந்தது என்று மார்க்கரால் எண் போடுங்கள். ப்ளக் குழிக்குள் மணல், காய்ந்த இலைத்தூள் எல்லாம் இருக்கும். ப்ளக் இறுக்கமாக இருக்கும்போதே காற்றடித்து ஊதிவிடுங்கள். அதைத் தளர்த்திய பிறகு ஊதினால் குப்பை நேரே சிலிண்டருக்குள் போய்விடும்.

இறுக்கமாக இருந்தால் பலம் போட வேண்டாம். எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, புரியில் எண்ணெய் இறங்கவிட்டு, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி இப்படி முன்னும் பின்னுமாக எடுங்கள். இடம் இல்லையென்று சுழல் மூட்டுப் போட்டு சாய்வாகத் திருகுபவர்களும் உண்டு. சாய்ந்த விசை முழுவதும் பீங்கானில் விழும். வெளியே தெரியாத மயிரிழை வெடிப்பு விழுந்து, பிறகு ஏற்றத்தில் எஞ்சின் குலுங்கும். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒன்றை விடக் குட்டையான இரண்டைக் குழிக்குள் இறக்கி, உள்ளே வைத்தே பொருத்துவது சுலபம். பொருத்திய இடத்தில் டேப் சுற்றாவிட்டால் தூக்கும்போது கீழ்த்துண்டும் சொக்கட்டும் குழிக்குள் தங்கிவிடும்.

தெஹிவளையிலிருந்து:

சுசுக்கி வேகன் ஆர், 1கேஆர் எஞ்சின் உள்ள டொயோட்டா விட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வைப்பர் வேலை இல்லை. எயார் க்ளீனரும் அதன் குழாயும்தான் வழியை மறிக்கும். அதைக் கழட்டியதும் திறந்திருக்கும், எஞ்சினுக்குக் காற்றுப் போகும் த்ரொட்டில் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். மேலிருந்து ஒரு சின்ன நட் அதற்குள் விழுந்தால் பிறகு பெரிய செலவு.

சுசுக்கி எவ்ரி வானில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி மூடியைக் கழட்டியதும் வெளிச்சம் போதாது. தலையில் கட்டும் டோர்ச் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

கேய் எனப்படும் ஜப்பானியச் சிறு வாகனங்களுக்கு இன்னொன்று. 660 சீசீ எஞ்சின் அதே வேகத்துக்குக் கூடுதல் சுற்றுச் சுற்றும், அதனால் ப்ளக்கும் அதிகம் தீப்பொறி விடும். நீண்டகால இரிடியம் ப்ளக் சாதாரணக் காரில் 100,000 கிலோமீற்றர் போனால், கேயில் அதில் பாதி என்று கணக்கு வையுங்கள். சாதாரண நிக்கல் ப்ளக் கேயில் 7,000 முதல் 10,000 வரைதான். பெட்டியில் இரிடியம் என்று இருந்தால் போதாது. நடு முனையில் மட்டும் இரிடியம் உள்ளவை சாதாரணக் காரிலேயே 20,000 கிலோமீற்றர் வகை. எதிர்முனையிலும் பிளாட்டினம் பதித்தவைதான் நீண்டகால வகை.

மருதானையிலிருந்து:

உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது வாகனப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்க வேண்டாம். பழைய ப்ளக்கின் பீங்கானில் உள்ள எண்ணை முழுதாக எழுதிக்கொண்டு போங்கள். நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் வெப்ப அளவோ புரியின் நீளமோ மாறிவிடும். புரி நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம்.

டென்சோ, என்ஜீகே இரண்டுக்கும் போலி வருகிறது. கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். இரிடியம் முனை ஊசி போல மெல்லியதாக, நட்டநடுவில், வளைந்த எதிர்முனைக்கு நேரே இருக்க வேண்டும். வெல்டிங் சொரசொரப்பு, புரியில் பிசிர், வாஷர் தானாகக் கழன்று விழுவது, இதில் எது இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளி தொழிற்சாலையிலேயே வைத்து வருகிறது. நடு முனையைத் தட்டவோ நெம்பவோ கூடாது. கீழே விழுந்த ப்ளக்கைப் பூட்ட வேண்டாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

கழட்டுவதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பூட்டுவதில்தான் புரி போகிறது.

புதிய ப்ளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் குழாயை மாட்டி, குழாயைப் பிடித்தே குழிக்குள் இறக்கிச் சுற்றுங்கள். புரி நேராகப் பிடித்தால் இலகுவாக ஓடும். குறுக்கே ஏறினால் குழாய் வழுக்கிச் சுற்றும், ரெச்சட் போல விடாமல் முறுக்காது. அப்போது எடுத்து, ஒரு சுற்று பின்னோக்கித் திருப்பி, மறுபடி தொடங்குங்கள். கையாலேயே அடிவரை போன பிறகுதான் ரெச்சட்.

இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் இருந்தால் 14 மில்லிமீற்றர் புரிக்கு 25 நியூட்டன் மீற்றர் அளவில், 12க்கு 15 முதல் 20, 10க்கு 10 முதல் 12. வாகனத்தின் மெனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுங்கள். ரெஞ்ச் நுழையாத இடத்தில், வாஷர் உள்ள புதிய 14 ப்ளக்கைக் கையால் இறுக்கிய பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. வாஷர் நசுங்கும்போது கை மெதுவாக இளகுவது போலத் தோன்றும், பிறகு சட்டென்று கெட்டியாகும். அதற்கு மேல் ஒரு இழுப்பும் வேண்டாம். வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்றே போதும். புரியில் கிரீஸ் பூச வேண்டாம்: உராய்வு குறைந்து, அதே டோர்க்கில் கூடுதலாக இறுகிவிடும்.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்:

பம்பலப்பிட்டித் தம்பி சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். கழட்டிய ப்ளக்குகளை சிலிண்டர் வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். பீங்கானின் அடியில் மண்ணிற வளையம் இருந்தால் அது மின்னழுத்தத்தால் வரும் கறை, பயப்பட வேண்டியதில்லை. பீங்கானில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பொறி வெளியே பாய்ந்திருக்கிறது. அந்த இடத்துக் கொயிலின் ரப்பர் பூட்டையும் மாற்றுங்கள். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் ஹெட் கவர் பக்கத்து சீல் ஒழுகுகிறது, அதைச் சரிசெய்யாமல் புதிய ப்ளக் போட்டுப் பயனில்லை.

கவுலைத் திரும்பப் பூட்டும்போது அதன் ரப்பர் ஓரம் முழு நீளமும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர் போகும் துளைகளில் இலை அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒக்டோபர் மழையில் தண்ணீர் நேரே பின் கொயில்களில் இறங்கும். எல்லாம் பூட்டி முடிந்ததும், பொனட்டை மூடுமுன் ஒரு போத்தல் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி, அது எந்தப் பக்கமாக வடிகிறது என்று பாருங்கள்.