நடுத்தையல் போட்ட இதழ் வாய் பிளக்கிறது, ஓட்டை கிழிகிறது: உதவி தேவை

கேள்வி: தமிழாசிரியை

வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கதைகளை ஆண்டிதழாகக் கையாலேயே தைத்துக்கொண்டிருக்கிறோம். ஏ4 தாளை இரண்டாக மடித்து, 16 தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 64 பக்கம். தாளின் கனம் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்), அட்டை 250 ஜி.எஸ்.எம். மடிப்பில் ஐந்து ஓட்டை போட்டு மெழுகு நூலால் தைக்கிறோம். இதழ் மேசையில் படியாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நடுத்தாள்கள் வெளியே துருத்துகின்றன. நூலை இறுக்கினால் நடு ஓட்டை மடிப்போடு கிழிகிறது. அட்டை முதுகிலும் வெடிப்பு. பேசாமல் ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுங்கள் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

பதில்: அச்சகத்துக்காரர்

டீச்சர், முதலில் தாளைப் பாருங்கள். அச்சகத்தில் கிரெயின் என்று சொல்கிற இழையோட்டம், அதாவது தாளின் இழைகள் ஓடும் திசை, முதுகுக்கு இணையாக இருந்தால்தான் மடிப்பு படியும். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் அது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதைப் பாதியாக மடித்தால் இழைக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள். வாய் பிளப்பது அதனால்தான். அட்டை வெடிப்பதும் பெரும்பாலும் அதனால்தான்.

சோதிப்பது எளிது. ஒரே தாளிலிருந்து நீளவாக்கில் ஒரு பட்டை, அகலவாக்கில் ஒரு பட்டை, இரண்டையும் ஒரே அளவாக வெட்டி, நுனியைச் சேர்த்துப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். விறைப்பாக நிற்கும் பட்டையில் இழை நீளத்தோடு ஓடுகிறது. தொங்குவதில் குறுக்கே ஓடுகிறது.

36 அங்குலப் பக்கத்தோடு இழை ஓடும் 23×36 தாளாகக் கேட்டு வாங்குங்கள். 36 அங்குலத்தை நான்காகவும் 23-ஐ இரண்டாகவும் வெட்டினால் 9×11½ அளவில் எட்டுத் தாள். 9 அங்குலத்துக்கு இணையாக மடித்தால் இழையும் முதுகும் ஒரே திசை. நகலெடுக்க 8½×11 ஆக ஓரம் வெட்டிக்கொண்டால் நகல் எந்திரத்தின் லெட்டர் அளவு தட்டில் போகும்.

பதில்: நூலகப் பணியாளர்

தயவுசெய்து பின் அடிக்காதீர்கள். பழைய வார இதழ்களில் கம்பி துருப்பிடித்து, சுற்றியுள்ள தாள் பழுப்பேறி உதிர்வதை தினமும் பார்க்கிறேன். கடலோர ஊர்களில் இன்னும் மோசம். நூல் தாளை அரிக்காது.

ஓட்டை கிழிவதற்கு வருகிறேன். பெரும்பாலும் நூலை இழுக்கும் திசைதான் காரணம். மேல்நோக்கியோ வந்த வழியே எதிர்த்தோ இழுத்தால் நூல் கத்தியாகி மடிப்பை அறுத்துவிடும். முதுகை ஒட்டி, தையல் போகும் திசையிலேயே இழுங்கள். ஒவ்வொரு தையலிலும் தொய்வை எடுத்துவிட்டால் கடைசியில் பலமாக இறுக்கத் தேவையில்லை. ஓட்டையும் நூல் தடிமன்தான் இருக்க வேண்டும்; காம்பஸ் முள் வேண்டாம், மெல்லிய குத்தூசி போதும்.

ஓட்டைகளை மேலிருந்து 1, 2, 3, 4, 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து 3 வழியாக வெளியே வந்து, 2-இல் நுழைந்து, 1-இல் வெளியேறி, மறுபடி 2-இல் நுழையுங்கள். உள்ளேயே 3-ஐத் தாண்டி 4-இல் வெளியே, 5-இல் உள்ளே, மீண்டும் 4-இல் வெளியே, கடைசியாக 3-இல் உள்ளே. உட்பக்கம் நீண்டு கிடக்கும் நூலின் இருபுறமும் இரு முனைகள் வர வேண்டும், அதன்மேல் முடிச்சிடுங்கள். ஒரே பக்கம் வந்தால் நடு நூல் கட்டுப்படாது.

பதில்: தமிழாசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. பட்டைச் சோதனையில் ஏ4 நீளவாக்குதான் என்று தெரிந்தது. நூலை முதுகோடு இழுத்துத் தைத்ததில் நடு ஓட்டை கிழியவே இல்லை, பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். ஆனால் முதல் கட்டுப் பிரதிகள் எடுத்தாகிவிட்டன. அவற்றை எட்டெட்டுத் தாளாகப் பிரித்துத் தைக்கலாமா? நடுத்தாள் துருத்துவது?

பதில்: அச்சகத்துக்காரர்

பிரிக்கக் கூடாது டீச்சர், பக்க வரிசை குலைந்துவிடும். அவற்றை மடித்து, கரண்டியின் முதுகால் மடிப்பை அழுத்தித் தேய்த்து, இரவு முழுக்கப் பாரம் வைத்துவிட்டுத் தையுங்கள். முழுவதும் படியாவிட்டாலும் வாய் அடங்கும்.

துருத்தலைத் தடுக்க முடியாது. ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ.; 16 தாள் சேர்ந்தால் நடுத்தாள் ஒன்றரை மில்லிமீட்டர் போல வெளியே வரும். தைத்து முடித்த பிறகே ஓரத்தை வெட்டுங்கள்: இரும்பு ஸ்கேல், புது பிளேடு, பலமில்லாமல் பல இழுப்பு. நடுப்பக்கங்களில் வெளி ஓரத்தைச் சற்றுத் தாராளமாக விட்டால் எழுத்து வெட்டுப்படாது.

அட்டையை இழை பார்த்து வெட்டி, மடிக்குமுன் மடிப்பு வரும் இடத்தில் கோடு அழுத்துங்கள். அழுத்தியதும் மறுபக்கம் வரப்பு புடைக்கும். அந்த வரப்பு மடிப்பின் உள்ளே வர வேண்டும்.