'பான்டில் மார்க்': 'காம்புவடு' என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். பழைய கண்ணாடிப் புட்டிகளின் அடியில் தெரியும் 'பான்டில் மார்க்'குக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் 'அடித்தழும்பு', 'தூர்வடு', 'தண்டுக்குறி' என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்கு நிறைவு தரவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு புட்டியைக் காட்டிவிடுகிறேன்.

சென்ற சித்திரையில் வாலாஜாபேட்டையில் உறவினர் வீட்டுக் கிணற்றைத் தூர் வாரினார்கள். ஓராள் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. மூன்றாம் நாள், பானை ஓடுகளோடு மூன்று புட்டிகளும் கூடையில் ஏறி வந்தன. ஒன்று கோலிசோடா புட்டி. கழுத்துக்குள் குண்டு இன்னும் உருள்கிறது. ஒன்று மருந்துப் புட்டி. மூன்றாவது கரும்பச்சை நிறம், தடித்த கண்ணாடி, தோள் ஒரு பக்கம் சற்றே சரிந்தது. வெறும் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவினேன். நெடுங்காலம் மண்ணில் கிடந்ததால் மேலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம். அடிப்பக்கம் உள்நோக்கிக் குழிந்திருக்கிறது. அந்தக் குழியின் நடுவே 5 ரூபாய் நாணய அளவில் ஒரு வட்டம். மற்ற இடமெல்லாம் வழுவழுவென்றிருக்க, அங்கே மட்டும் உடைத்த கற்கண்டைப் போலச் சொரசொரப்பு. தடவிப் பார்த்த கட்டைவிரலைக் கீறிவிட்டது.

ஊதுகுழலில் ஊதி உருவாக்கிய புட்டியைக் குழலிலிருந்து பிரித்த பிறகுதான் அதன் வாய்விளிம்பை அமைக்க முடியும். தகதகக்கும் புட்டியை அப்போது எப்படிப் பிடிப்பது? 'பான்டில்' எனப்படும் ஓர் இரும்புக் கோலின் நுனியில் உருகிய கண்ணாடியைச் சிறிது தொட்டெடுத்துப் புட்டியின் அடியில் ஒட்டிவிடுவார்கள். வாய் முடிந்ததும் ஒரு தட்டு தட்டினால் கோல் பிரிந்துவிடும். ஒடிந்த இடம் வடுவாக அப்படியே நின்றுவிடும். அதுதான் பான்டில் மார்க். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், புட்டியின் உடலைக் கவ்விப் பிடிக்கும் கருவி பரவியதும் கோலுக்கு வேலை குறைந்தது. அதனால் இந்த வடு உள்ள சாதாரணப் புட்டி பெரும்பாலும் 1870க்கு முந்தியது. சேகரிப்பவர்கள் எந்தப் புட்டியையும் கையில் வாங்கியவுடன் கவிழ்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். 'அடித்தழும்பு' என்றால் யாருக்கும் பிரம்படிதான் நினைவுக்கு வரும். 'குறி' என்பது வேண்டுமென்றே இடுவது. இதை யாரும் இடவில்லை, ஒடிந்ததால் வந்தது. 'தூர்வடு' நல்ல சொல். எங்கள் பக்கத்தில் பானையின் அடியைத் தூர் என்றுதான் சொல்வோம். ஆனால் அது இடத்தை மட்டுமே சொல்கிறது. அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் இயங்கவைத்த, புட்டி செய்யும் தானியங்கி இயந்திரம் உருகிய கண்ணாடியை அச்சுக்குள் உறிஞ்சிக்கொள்ளும். அடியில் ஒரு கத்தி அதை வெட்டும். அந்த வெட்டும் புட்டியின் தூரில் ஒரு வட்ட வடுவை, பெரும்பாலும் நடுவிலிருந்து சற்று விலகி, விட்டுச்செல்கிறது. இரண்டையும் 'தூர்வடு' என்று எழுதினால் கையால் செய்ததும் இயந்திரம் செய்ததும் ஒன்றாகிவிடும். சொல்லிலேயே காரணம் தெரிய வேண்டும்.

ஆகவே நான் முன்வைப்பது 'காம்புவடு'. கரண்டிக்கும் காம்பு உண்டு, மாங்காய்க்கும் காம்பு உண்டு. முன்னது பிடி, பின்னது ஒடிவது. கண்ணாடிக்காரரின் கோல் இரண்டுமே: வேலை முடியும்வரை பிடி, முடிந்ததும் ஒடிகிற காம்பு. இத்தனை பொருத்தமாக ஒரு சொல் நம்மிடம் புழக்கத்திலேயே இருக்கும்போது புதிதாக ஒன்றைக் கட்டுவானேன்? ஓவன்ஸ் இயந்திரத்தின் தடத்தை 'வெட்டுவடு' எனலாம். 'காம்புவடு' மாவடு ஊறுகாய்போல ஒலிக்கிறது என்று வீட்டிலேயே எதிர்ப்பு வந்தது. 'காம்புத்தழும்பு' என்றால் அந்தக் குழப்பம் இல்லைதான். ஆனால் முன்னால் அடைமொழி சேர்க்கும்போது சொல் நீண்டுவிடுகிறது.

அடைமொழி தேவைப்படும். உள்ளீடற்ற குழலையே கோலாகப் பயன்படுத்தினால் வளையம்போல வடு விழும்: 'வளையக் காம்புவடு'. கண்ணாடி தொடாமல், பழுக்கக் காய்ச்சிய வெறும் இரும்பை ஒட்டும் முறையில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு படிவு தங்கும். அதை 'இரும்புக் காம்புவடு' என்பதா, 'துருக்காம்பு வடு' என்பதா? எனக்கு முதலாவதே சரியாகப் படுகிறது. படிவு எல்லாமே துரு அல்ல.

இடையில் ஒன்று. வேலூர்க் கோட்டை அகழியோரம் தோண்டினால் நிறையக் கிடைக்குமே என்று ஒரு நண்பர் ஆசைப்பட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அனுமதியில்லாமல் மண்வெட்டி வைப்பது சட்டப்படி குற்றம். எந்த மண் அடுக்கில் எது கிடந்தது என்ற செய்தியும் அதோடு அழிந்துபோகும்.

கரும்பச்சைப் புட்டிக்கான அட்டையில் 'காம்புவடு' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் மறுப்புகளைப் பார்த்த பிறகே மையால் எழுதுவேன்.