ஜேகேகேபி (மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) உரிமத்துக்கு ஐசி (அடையாள அட்டை) நகல் கொடுத்த இடத்தில் பார்த்தது என்ன?

பிறைக்காரன்:
பினாங்கின் பிறையில் ஒரு பயிற்சி நிலையம், பேர் வேண்டாம். கிரேன் தேர்வுக்குப் போகிறவர்கள் பட்டியலைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். பேர், கைப்பேசி எண், ஐசி எண் 12 இலக்கமும் முழுசாக. பட்டியலின் கடைசிக் கட்டத்தில் மருத்துவச் சோதனை: எல்லாருக்கும் 'லூலூஸ்' (தேர்ச்சி), ஒருத்தருக்கு மட்டும் 'காகால்' (தோல்வி). சாப்பாடு கொண்டு வந்த பையன் நின்று அந்த ஒரு வரியை விரல் வைத்துப் படித்தான்.

ஐசியில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு மாநிலம், பினாங்குக்கு 07. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண். வருகிறவர் தன் பேரைக் கண்டுபிடிக்கக் கடைசி நாலு எண் போதாதா? ஜேகேகேபி மேல் தரவுச் சட்டத்தில் கேஸ் போடலாம்.

செந்தூல்_14:
அண்ணே, கேஸ் நிற்காது. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவே கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இது பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஜேகேகேபி மனிதவள அமைச்சின் துறை. அங்கே தப்பு நடந்தால் அரசின் பொதுப் புகார்த் தளமான சிஸ்பாவில் புகார் போடலாம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கதவு ஜேகேகேபியுடையது இல்லையே! பயிற்சி நிலையம், கிளினிக், ஏஜெண்டு, முதலாளி நால்வரும் சட்டத்துக்குள் வருகிறவர்கள். உடல்நலத் தகவலுக்கு 40ஆம் பிரிவின்படி வெளிப்படையான சம்மதம் வேண்டும். 'காகால்' என்ற ஒரே சொல்லும் உடல்நலத் தகவல்தான். சட்டத்தின் தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால், 2025 ஏப்ரலிலிருந்து அபராத உச்சம் 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட். அதே ஆண்டு ஜூன் 1 முதல், தரவு கசிந்து பெரிய பாதிப்பு வரும் என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குச் சொல்லியாக வேண்டும்.

சாரக்கட்டு68:
சட்டம் இருக்கட்டும். கோலாலம்பூரில் அதிகம் நடப்பது வேறு. ஏஜெண்டு தன் மின்னஞ்சலையும் தன் கைப்பேசி எண்ணையும் போட்டு ஆளுக்கு மைகேகேபி (ஜேகேகேபியின் இணையச் சேவை) கணக்கு திறந்துவிடுவார். அப்புறம் வருகிற அறிவிப்பெல்லாம் அவருக்குத்தான் போகும். கம்பெனி மாறி, உரிமம் புதுப்பிக்கிற நேரத்தில் கடவுச்சொல்லைக் கேட்டால் 'அம்பது வெள்ளி கொடு' என்பார். ஒருத்தர் கட்டுமான வாசலில் நின்றுகொண்டே அந்த ஐம்பதை அனுப்பியதைப் பார்த்தது இன்னும் மனசை உறுத்துகிறது.

பாயான்லெப்பாஸ் அக்கா:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நகலை வெறுமையாகக் கொடுக்காதீர்கள். குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் 'உந்தோக் பெர்மொஹொனான் ஜேகேகேபி சஹாஜா' (ஜேகேகேபி விண்ணப்பத்துக்கு மட்டும்) என்று எழுதி, தேதி போடுங்கள். கோடு ஐசி ஓரத்தைத் தாண்டி வெறும் தாளில் போனால் வெட்டி எடுத்துவிடுவார்கள். கார்டின் மேலேயே ஓடணும். படமும் எண்ணும் மறையக் கூடாது, மறைந்தால் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள். பென்சில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் கேட்டால் படத்தின் மேல் எழுதியபின் அனுப்புங்கள், அசல் படத்தைக் கேலரியிலிருந்து அழியுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் கோடு. மருத்துவ அறிக்கையை மூடிய உறையில் கொடுங்கள். முதலாளிக்குத் தகுதியா இல்லையா என்பது போதும், சர்க்கரை அளவு எதற்கு?

பிறைக்காரன்:
அக்கா, கதை கேட்டால் பாடம் எடுக்கிறீங்க. உரிமம் உள்ளவர் பேரை இணையத்தில் சரிபார்க்கிறதும் தப்பா அப்போ?

செந்தூல்_14:
அது தப்பில்லை. போலி உரிமத்தோடு கிரேன் ஏறுகிறவனைப் பிடிக்க அந்தப் பட்டியல் வேண்டும். பேரும் பதிவு எண்ணும் போதும். கைப்பேசி எண்ணும் மருத்துவமும் அங்கே எதற்கு?

கதவில் பேர் வந்த அந்த ஆள் பயிற்சி நிலையத்துக்கு எழுத்தில் கேட்கட்டும்: என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், நகல் கொடுங்கள். 21 நாளில் பதில் தர வேண்டும். சாதாரணத் தகவல் நகலுக்குக் கட்டணம் அதிகபட்சம் 10 ரிங்கிட், மருத்துவம் சேர்ந்தால் 30. கடிதத்தின் நகலில் அவர்கள் முத்திரை வாங்காமல் வெளியே வர வேண்டாம். தேதி அதில்தான் இருக்கும்.